பனியன் கம்பெனி ஆபீசுக்கு நெட்வொர்க் செக்யூரிட்டி: அடிப்படையை எங்கிருந்து தொடங்கறதுங்க?

பெருமாநல்லூர்_பேரேடு கேட்டது:

வணக்கமுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டில கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்த்துப் பார்க்கறேன். படிப்பு பி.காம். ஆபீஸ்ல 14 கம்ப்யூட்டர், அதுல ஒன்னுலதான் டேலி டேட்டா. 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்னு, ஃபைபர் லைன்காரங்க குடுத்த ரவுட்டர், பேக்கிங் செக்‌ஷன்ல இன்னொரு வைஃபை ரவுட்டர், 16 கேமராவுக்கு ஒரு டிவிஆர், கைரேகை மெஷின், மூணு பிரின்டர். ஸ்டாடிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) வாங்கியிருக்கு. முதலாளி வீட்டிலிருந்தே கேமராவும் டேலியும் பார்ப்பாருங்க.

நெட்வொர்க் செக்யூரிட்டியைக் கத்துக்கிட்டு இதையெல்லாம் நீயே பார்த்துக்கன்னு சொல்லியிருக்கார். லேப்டாப்ல காலி லினக்ஸ் (செக்யூரிட்டி சோதிக்கற டூல்களோட வர்ற லினக்ஸ்) போட்டு வச்சிருக்கேன். அதுல இருக்கற டூல்கள்ல எதை முதல்ல தொடறதுன்னே பிடிபடலை. எதை எந்த வரிசையில கத்துக்கணும்? ஆபீஸ்ல இன்னைக்கே பண்ண வேண்டியது என்ன? கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் கோர்ஸ் நடத்தறாங்க, அதுல சேரணுங்களா?

நொய்யல்கரை பதில்:

காலியை இப்போதைக்கு மூடி வைங்க தம்பி. தோட்டத்துக்கு வேலி அடைக்கறதுக்கு முன்னாடி எத்தனை கடவு இருக்குன்னு தெரியணும். உங்க ஆபீஸ் நெட்வொர்க்கை ஒரு முழுத் தாள்ல வரையறதுதான் முதல் பாடம். அதை வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள அடிப்படையில பாதி தானாவே வந்துடும்.

தாள்ல அஞ்சு கட்டம் போடுங்க: என்ன பொருள், எந்த இடத்துல இருக்கு, ஐபி, மேக் முகவரி (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்), யாரோடு பேசணும். கடைசிக் கட்டம்தான் உசிரு. கைரேகை மெஷின் சம்பளக் கணக்கு போடற ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் பேசினாப் போதும். டிவிஆருக்கு டேலி கம்ப்யூட்டரோடு ஒரு வேலையும் கிடையாது. பிரின்டருக்கு வெளி இன்டர்நெட்டே தேவையில்லை. எது யாரோடு பேசணும்னு எழுதி வச்சிருந்தாத்தான், பேசக் கூடாதது பேசறப்போ கண்ணுக்குப் படும்.

ஒரு கம்ப்யூட்டர்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி விட்டு சாய்கோடு, ஆல்னு அடிங்க. வர்றதுல அஞ்சு வரியைப் படிச்சாப் போதும். ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, டிஹெச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர். 192.168.1.25, மாஸ்க் 255.255.255.0ன்னு இருந்தா, 192.168.1.1 முதல் 192.168.1.254 வரைக்கும் உங்க தெரு. அந்தத் தெருவுக்குள்ள இருக்கறவங்க ஸ்விட்ச் வழியா நேராப் பேசிக்குவாங்க. தெருவைத் தாண்டணும்னா கேட்வே, அதாவது ரவுட்டர் வழியாத்தான் போகணும். முகவரி குடுக்கறவர் டிஹெச்சிபி, பெயரை ஐபி எண்ணா மாத்திச் சொல்றவர் டிஎன்எஸ். 10 என்று தொடங்கறது, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கறது, இந்த மூணும் உள் உபயோகத்துக்குன்னு ஒதுக்கினது. வெளி இன்டர்நெட்டில நடமாடாது.

அடுத்தது ரவுட்டருக்குள்ள போய் டிஹெச்சிபி பட்டியலைப் பாருங்க. அதுல கையால ஐபி போட்டு வச்ச டிவிஆர், பிரின்டர், கைரேகை மெஷின் வராமப் போகலாம். அதனால நெட்வொர்க்குல யார் யார் இருக்காங்கன்னு தேடற என்மேப் நிறுவி, அதோட வர்ற ஜென்மேப் முகப்புல 'பிங் ஸ்கேன்' எடுத்து 192.168.1.0/24ன்னு, அதாவது தெரு முழுசையும் குடுங்க. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாது. ஆனா ஒரே தெருவுக்குள்ள என்மேப் ஏஆர்பி ('இந்த ஐபி யாருது, உன் மேக் என்ன'ன்னு கேக்கற முறை) மூலமாத்தான் கேக்கும், அதுக்குப் பதில் சொல்லாம எந்தப் பொருளும் இருக்க முடியாது. ஒரு விஷயம்: பிங் ஸ்கேனோட நிறுத்திக்குங்க. ஆழமான ஸ்கேனை வேலை நேரத்துல விட்டா பழைய கைரேகை மெஷின் உறைஞ்சு நிக்கலாம். பிரின்டர் 9100ஆம் போர்ட்டுல (போர்ட்னா மெஷினுக்குள்ள ஒவ்வொரு சேவைக்கும் உள்ள கதவு எண்) எது வந்தாலும் அச்சடிக்க வேண்டியதுன்னு எடுத்துக்கும். சில ஸ்கேன்ல காகிதம் காகிதமாக் கிறுக்கித் தள்ளலாம்.

எண்ணிக்கை பொருந்தலேன்னா ஒயரைப் பிடிச்சு நடங்க. கம்ப்யூட்டர்ல கேபிளைக் கழட்டி, ஸ்விட்ச்ல எந்த விளக்கு அணையுதுன்னு பாருங்க. ரெண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்க. ஸ்விட்ச்ல யாருக்குன்னே தெரியாத ஒயர் ஒன்னு ரெண்டு கண்டிப்பா வரும். மறுமுனையைக் கண்டுபிடிக்கற வரைக்கும் விடாதீங்க.

கூடவே போர்ட் எண் ஒரு எட்டு மனசுல ஏத்திக்குங்க. 22 எஸ்எஸ்ஹெச், 23 டெல்நெட், 53 டிஎன்எஸ், 80 ஹெச்டிடிபி, 443 ஹெச்டிடிபிஎஸ், 445 விண்டோஸ் ஃபைல் ஷேரிங், 554 கேமரா வீடியோ, 3389 ரிமோட் டெஸ்க்டாப். 2017 மே 12 அன்னைக்கு, ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற வான்னாக்ரை ரான்சம்வேர் உலகம் பூரா பரவினது அந்த 445 வழியாத்தான். அதுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடி மார்ச் 14லயே வெளியிட்டிருந்தது. அப்டேட் போடாத மெஷின்தான் மாட்டுச்சு. நீங்களும் 14 மெஷின்ல எதுல விண்டோஸ் 7, எதுல 10ன்னு தாள்ல ஒரு ஓரத்துல குறிச்சுக்குங்க. 7க்கு 2020 ஜனவரியோட ஆதரவு முடிஞ்சுது, 10க்கு 2025 அக்டோபர் 14ஓட.

சரவணம்பட்டி_சாக்கெட் பதில்:

மேல சொன்னதோட ஒத்துப் போறேன். ஆனா தாள்ல வரைஞ்சது மட்டும் பத்தாதுங்க, பாக்கெட்டை (நெட்வொர்க்குல போற தகவல் துண்டு) கண்ணால பார்த்தாத்தான் மனசுல நிக்கும். அதுக்கு ஆபீஸ் நெட்வொர்க்கைத் தொடாம லேப்டாப்புக்குள்ளயே ஒரு பழகற இடம் அமைச்சுக்கலாம்.

8 ஜிபி ராம் இருந்தாப் போதும். விண்டோஸ் மேல, கம்ப்யூட்டருக்குள்ள கம்ப்யூட்டர் ஓட்டற விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதுக்குள்ள காலிக்கு 2 ஜிபி, மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2க்கு 512 எம்பி குடுங்க. ரெண்டாவதா சொன்னது, ஓட்டை வேணும்னே வச்சுப் பழகறதுக்காகச் செஞ்ச லினக்ஸ். அது டிஸ்க் ஃபைலா வரும். புது மெஷின் உருவாக்கறப்போ 'இருக்கற ஹார்ட் டிஸ்கை உபயோகி'ன்னு அதைக் காட்டணும். 64 பிட் தேர்வே வரலை, இல்லேன்னா விடி-எக்ஸ் இல்லைன்னு பிழை வந்தா, பயாஸ்ல விர்ச்சுவலைசேஷனை ஆன் பண்ணுங்க.

ரெண்டுக்கும் நெட்வொர்க்கை 'ஹோஸ்ட்-ஒன்லி'ன்னு வைங்க. 'பிரிட்ஜ்டு' மட்டும் வேண்டாம். பிரிட்ஜ்ல வச்சா அந்த ஓட்டை மெஷின் உங்க ஆபீஸ் தெருவுல ஒரு வீடா வந்து உக்காந்துக்கும். ஹோஸ்ட்-ஒன்லியில இன்டர்நெட் இருக்காது, அதனால காலிக்கு அப்டேட் பண்றதை முன்னாடியே முடிச்சுக்குங்க. வழக்கமா 192.168.56.101, 102ன்னு முகவரி கிடைக்கும்.

இப்போ காலியில, பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டற வயர்ஷார்க்கை ஓட விட்டு, இன்னொரு ஜன்னல்ல இருந்து அந்த ஓட்டை மெஷினுக்கு டெல்நெட் (தூரத்துல இருந்து லாகின் பண்ற பழைய முறை) பண்ணுங்க. யூசர், பாஸ்வேர்ட் ரெண்டும் எம்எஸ்எஃப்அட்மின். உள்ள போனதும் பாக்கெட் பிடிக்கறதை நிறுத்திட்டு முதல் மூணு பாக்கெட்டைப் பாருங்க: சின், சின்-ஆக், ஆக். 'பேசலாமா', 'பேசலாம், நீ தயாரா', 'தயார்'. டிசிபியில எந்தப் பேச்சும் இந்த மூணுலதான் தொடங்கும். என்மேப் போர்ட்டைத் தட்டிப் பார்க்கறதும் இதே கணக்குதான். சின் அனுப்பினா சின்-ஆக் வந்தா போர்ட் திறந்திருக்கு, ரீசெட் வந்தா மூடியிருக்கு, ஒன்னுமே வரலேன்னா நடுவுல ஃபயர்வால் விழுங்கிடுச்சு.

அப்புறம் ஏதாவது ஒரு டெல்நெட் பாக்கெட் மேல வலது கிளிக் பண்ணி 'ஃபாலோ', 'டிசிபி ஸ்ட்ரீம்'. சிவப்புல நீங்க அனுப்பினது, நீலத்துல சர்வர் அனுப்பினது. யூசர் பெயரோட ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு தடவை தெரியும், ஒன்னு சிவப்பு, ஒன்னு நீலம். நீங்க அடிக்கிற எழுத்தை சர்வர் திருப்பி அனுப்பித்தான் அது உங்க திரையில தோணுது. பாஸ்வேர்ட் வர்ற இடத்துல எழுத்து ஒத்தையா, வெறும் சிவப்பா இருக்கும். சர்வர் அதைத் திருப்பி அனுப்பறதில்லை, அதனாலதான் அடிக்கும்போது திரையில தெரியலை. ஆனா கம்பியில பச்சையாப் போகுது, பாருங்க. 'என்கிரிப்ஷன்'ங்கற வார்த்தைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க.

அதே மெஷினுக்கு எஸ்எஸ்ஹெச் பண்ணி மறுபடி பாருங்க. கைகுலுக்கலுக்கு அப்புறம் எல்லாம் குப்பையாத் தெரியும். 'மேட்சிங் ஹோஸ்ட் கீ டைப் இல்லை'ன்னு இணைப்பே மறுத்தா பயப்பட வேண்டாம். மெட்டாஸ்ப்ளாய்டபிள் பழசு, அது குடுக்கற சாவி வகையை இப்போதைய எஸ்எஸ்ஹெச் ஏத்துக்கறதில்லை. காலி ட்வீக்ஸ்ல ஹார்டனிங்கிற்குப் போய் எஸ்எஸ்ஹெச்சுக்கு 'வைடு கம்பாட்டிபிலிட்டி' குடுத்தா இணையும்.

இதெல்லாம் உங்க லேப்டாப்புக்குள்ள. ஆபீஸ் நெட்வொர்க்கை ஸ்கேன் பண்ண முதலாளிகிட்ட எழுத்துல ஒரு அனுமதி வாங்கி வச்சுக்குங்க. பக்கத்து யூனிட் வைஃபையை 'சும்மா பார்க்கலாம்'னு தொடாதீங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66 ரெண்டும் அனுமதியில்லாம நுழையறதைப் பத்தினது; 66ல 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

பெருமாநல்லூர்_பேரேடு பதில்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்ணா. தாள் வரைஞ்சுட்டேன். பொருள் எண்ணினா 22. ஆனா ரவுட்டர் பட்டியல்ல 31 இருக்கு. கூடுதலா இருக்கறதுல பலதுக்குப் பெயரே இல்லை. பேக்கிங் செக்‌ஷன்ல மூணு கம்ப்யூட்டர் மட்டும் 192.168.0ன்னு வேற தெருவுல இருக்கு, அதுல டேலி அடிக்கடி இணையாது. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வர்றதை உள்ள ஒரு மெஷினுக்கு அனுப்பற வசதி) பக்கத்துல நாலு வரி: 80, 554, 8000 மூணும் டிவிஆருக்கு, 3389 டேலி கம்ப்யூட்டருக்கு. டிவிஆர் பாஸ்வேர்ட் மாட்டினப்போ வச்சதே. வைஃபை பாஸ்வேர்ட் ஆபீஸ் மொபைல் நம்பர், டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்குப் பதிலா பின் எண்ணால வைஃபையில இணையற வசதி) ஆன்ல இருக்கு.

ஈரோடு_ரேக் பதில்:

இந்தத் தாள் வரைஞ்சதுக்கே பாராட்டணுங்க. நாலு வரியில உங்க ஆபீசோட நெலமை முழுக்கத் தெரிஞ்சு போச்சு. அவசரம் எதுவோ அதிலிருந்து வர்றேன்.

3389ஐ இன்னைக்கே எடுங்க. ரான்சம்வேர்காரங்க சின்ன ஆபீசுக்குள்ள வர்ற பெரிய கடவு அதுதான். வெளி இன்டர்நெட்டில திறந்திருக்கற 3389ஐத் தேடறதுக்குன்னே மெஷின்கள் ராவும் பகலும் ஓடிட்டிருக்கு. கண்டதும் பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கும். 'போர்ட்டை 3389க்குப் பதிலா 45000ன்னு மாத்தி வச்சுக்கலாம்'னு சொல்றவங்க உண்டு. மொத்தமே 65,536 எண்தான், அத்தனையும் தட்டிப் பார்க்க மெஷினுக்கு ரொம்ப நேரம் ஆகாது. முதலாளி வெளியிலிருந்து வரணும்னா விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியா ஆபீசுக்குள்ள வர்ற பூட்டின பாதை. அதுக்கு வயர்கார்டுங்கற சாஃப்ட்வேர் போடுங்க. யூடிபி 51820 ஒன்னை மட்டும் திறந்தாப் போதும், சாவி இல்லாதவன் தட்டினா அது பதிலே சொல்லாது. ரவுட்டர்ல வசதி இல்லேன்னா எப்பவும் ஓடற ஒரு சின்ன லினக்ஸ் மெஷின்ல வைக்கலாம். டிவிஆரோட மூணு வரியும் அதோட சேர்ந்து போகட்டும். விபிஎன் வந்துட்டா கேமராவையும் அது வழியாவே பார்க்கலாம்.

டிவிஆரை 'வெறும் கேமராப் பெட்டி'ன்னு நினைக்காதீங்க, அது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். 2016ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சு. டெல்நெட் திறந்திருக்கற கேமரா, டிவிஆரைத் தேடி, கம்பெனியில வச்ச பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை வரிசையாப் போட்டுப் பார்க்கும். அவ்வளவுதான் அதோட சாமர்த்தியம். அப்படிச் சேர்த்த பெட்டிகளை வச்சு அந்த வருஷம் அக்டோபர் 21ல டின்ங்கற டிஎன்எஸ் கம்பெனியை முடக்கினாங்க, அமெரிக்காவுல பெரிய பெரிய தளமெல்லாம் திறக்கலை. அதனால டிவிஆர் பாஸ்வேர்டை மாத்துங்க, ஃபர்ம்வேரைப் புதுப்பிங்க, ரவுட்டர்ல யுபிஎன்பியை அணைச்சு வைங்க. யுபிஎன்பி இருந்தா நீங்க எடுத்த வரியை டிவிஆர் தானே மறுபடி திறந்துக்கும்.

மூடினது மூடிச்சான்னு வெளியிலிருந்து பார்க்கணும். உள்ளிருந்து சொந்த ஸ்டாடிக் ஐபியைத் தட்டினா வர்ற பதிலை நம்ப முடியாது. லேப்டாப்பை மொபைல் ஹாட்ஸ்பாட்டில இணைச்சு, ஜென்மேப்பில 'இன்டென்ஸ் ஸ்கேன், நோ பிங்' குடுங்க. 'நோ பிங்' இல்லாமப் பண்ணினா, ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லாததைப் பார்த்து ஆளே இல்லைன்னு சொல்லிடும்.

192.168.0 சமாச்சாரம்: பேக்கிங்கில இருக்கற ரவுட்டரும் டிஹெச்சிபி நடத்துது. ஒரே தெருவுல ரெண்டு தபால்காரர். யார் முதல்ல பதில் சொல்றாங்களோ அவங்க குடுக்கற முகவரி. அதனாலதான் 'அடிக்கடி' இணையலை. எப்பவுமே இணையலேன்னா கண்டுபிடிக்கறது சுலபமா இருந்திருக்கும். அந்த ரவுட்டருக்குள்ள போய், அதோட லேன் முகவரியை 192.168.1.2ன்னு மாத்துங்க; அந்த எண் பெரிய ரவுட்டரோட டிஹெச்சிபி வரம்புக்குள்ள இருக்கக் கூடாது. அடுத்தது அதோட டிஹெச்சிபியை நிறுத்துங்க. கேபிள் வேன் (வெளி லைனுக்கான) போர்ட்டில இருந்தா லேன் (உள் நெட்வொர்க்குக்கான) போர்ட்டுக்கு மாத்துங்க. வரிசையை மாத்தி முதல்லயே டிஹெச்சிபியை நிறுத்திட்டா அந்தப் பெட்டிக்குள்ள திரும்பப் போக, லேப்டாப்புக்குக் கையால 192.168.0ல ஒரு ஐபி போட வேண்டி வரும்.

பெயரில்லாத கூடுதல் பொருள்ல முக்கால்வாசி மொபைல் போனாத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு வேஷம் போட்ட மேக் முகவரி குடுக்கும். மேக் முகவரியோட ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நாலுல ஒன்னா இருந்தா அது தானா உருவாக்கினது, அதுல கம்பெனி பெயரைத் தேடிப் பிரயோஜனமில்லை. போனுக்கெல்லாம் கெஸ்ட் வைஃபை தனியாக் குடுங்க. ஆனா அதைப் பெரிய ரவுட்டர்ல குடுங்க. பேக்கிங் ரவுட்டர் இனிமே வைஃபை மட்டும் குடுக்கற வெறும் ஆக்சஸ் பாயின்ட். பல மாடல்ல அந்த நிலையில கெஸ்ட் வைஃபை உள் நெட்வொர்க்கைப் பிரிக்கறதில்லை. கெஸ்ட்ல ஒரு போனை இணைச்சு, அதிலிருந்து பிரின்டர் ஐபியைத் திறந்து பாருங்க. திறந்தா பிரியலைன்னு அர்த்தம்.

பின்னாடி ஒரு ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கி விஎல்ஏஎன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள தனித்தனித் தெரு) பிரிக்கலாம்: ஆபீஸ் 10, கேமரா 20, கெஸ்ட் 30. ஸ்விட்ச்சை நிர்வகிக்கற கம்ப்யூட்டர் எந்தப் போர்ட்டில இருக்கோ, அந்தப் போர்ட்டைக் கடைசியா மாத்துங்க. இல்லேன்னா நடுவுல வெளிய பூட்டிக்குவீங்க, ரீசெட்தான் வழி.

சென்னிமலை_தறி பதில்:

விஎல்ஏஎன்னைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி பேக்கப் எங்கேன்னு கேட்டிருக்கணுங்க. அதுல எனக்கு மாத்துக் கருத்து உண்டு. கடவெல்லாம் அடைக்க ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள ஒன்னு உள்ள வந்துட்டா டேலி டேட்டா மட்டும் கையில இருக்கணும்.

எப்பவும் செருகியே வச்சிருக்கற யுஎஸ்பி டிஸ்க் பேக்கப் ஆகாது. ரான்சம்வேர் அதையும், நெட்வொர்க் டிரைவையும் சேர்த்தே பூட்டும். ரெண்டு டிஸ்க் வாங்கி ஒத்தைப்படை நாள் ஒன்னு, இரட்டைப்படை நாள் ஒன்னு. காப்பி முடிஞ்சதும் கழட்டி ஒன்னை ஆபீசுக்கு வெளிய வைக்கணும். எல்லாரும் டேலியை மூடின பின்னாடி காப்பி எடுங்க, ஆள் எழுதிட்டிருக்கும்போது எடுத்தா ஒரு ஃபைல் பழசும் இன்னொன்னு புதுசுமா வந்து, திறக்கறப்போ தகராறு பண்ணும். மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியை வேற கம்ப்யூட்டர்ல திறந்து, நேத்தைய கடைசி வவுச்சர் இருக்கான்னு பார்த்தாத்தான் பேக்கப் இருக்குன்னு சொல்லலாம். அப்படியே எந்த மெஷின்லயாவது கிராக் பண்ணின சாஃப்ட்வேர் இருக்கான்னும் பாருங்க. அதை ஓட்டறதுக்கு ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லுவாங்க. அணைச்சு வச்ச மெஷின்ல மத்தது எல்லாம் செஞ்சும் வீண்.

வைஃபைக்கு மொபைல் நம்பர் வச்சிருக்கறது எவ்வளவு லேசுன்னு கணக்கு போட்டே காட்டறேன். வாசல்ல நின்னு ஒரு போன் இணையறப்போ நடக்கற கைகுலுக்கலைப் பிடிச்சிட்டாப் போதும், அப்புறம் வீட்டில உக்காந்து பாஸ்வேர்டைத் தேடலாம். நம்ம ஊர் மொபைல் எண் 6, 7, 8, 9லதான் தொடங்கும். மொத்தம் 400 கோடி எண். நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்குப் 10 லட்சம் போட்டுப் பார்க்கும். 4,000 விநாடி, ஒரு மணி நேரம் சொச்சம். நாலஞ்சு சம்பந்தமில்லாத தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்துல கோத்து 20 எழுத்துக்கு மேல வைங்க. டபிள்யூபிஎஸ்ஸை அணைங்க. அதோட 8 இலக்கப் பின்ல கடைசி இலக்கம் சரிபார்க்கறதுக்கு மட்டும்; மிச்சத்தை 4, 3ன்னு ரெண்டாப் பிரிச்சுச் சரிபார்க்கறதால 11,000 தடவைக்குள்ள கிடைச்சிடும். 2011லயே வெளிய வந்த ஓட்டை அது.

கருவம்பாளையம்_மெர்ச் பதில்:

எல்லாரும் ஒயரையும் பெட்டியையும் பேசறீங்க. எக்ஸ்போர்ட் யூனிட்டுக்குப் பணம் போற வழி மெயில்தானுங்க. பையருக்கு (சரக்கு வாங்கறவருக்கு) 'எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, பேமென்டை இதுல போடுங்க'ன்னு உங்க பெயர்லயே ஒரு மெயில் போகும். கப்பல் ஏறின சரக்குக்குப் பணம் வேற நாட்டு அக்கவுண்டுக்குப் போயிருக்கும். இதுக்கு உங்க நெட்வொர்க்குக்குள்ள வரணும்ங்கற அவசியமே இல்லை, ஒரு மெயில் பாஸ்வேர்ட் போதும்.

மெயில் முகவரியை எழுத்தெழுத்தாப் படிக்கப் பழகுங்க. ஆங்கில 'எம்' இருக்கற இடத்துல 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டி எழுதினா திரையில ஒன்னு போலவே தெரியும். 'எல்' இடத்துல 1 இருக்கும். இல்லேன்னா அனுப்பினவர் முகவரி சரியா இருக்கும், 'ரிப்ளை-டு' வேறயா இருக்கும். அதனால பதில் பட்டனை அழுத்தினதும் 'டு' கட்டத்தை ஒரு தடவை பாருங்க. முகவரி எல்லாம் சரியா இருந்தும் சந்தேகம்னா, மெயில் பாக்ஸோட செட்டிங்ல ஃபார்வேர்டிங், ஃபில்டர் ரெண்டையும் திறங்க. உள்ள வந்தவன் முதல்ல பண்ற வேலை, 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்'னு வர்றதையெல்லாம் தனக்கு ஒரு காப்பி வர்ற மாதிரி விதி போட்டு வைக்கறதுதான். பாஸ்வேர்டை மாத்தினாலும் அந்த விதி அப்படியே இருக்கும், அதை யாரும் எடுக்க மறந்துடறாங்க.

எல்லா மெயிலுக்கும் ரெண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடுங்க. ஆத்தென்டிகேட்டர் ஆப் குடுக்கற 6 இலக்க எண் 30 விநாடிக்கு ஒரு தடவை மாறும், எஸ்எம்எஸ்ஸைவிட அது நல்லது. மெயில் நிஜமாவே உங்க டொமைன்ல இருந்து வந்ததான்னு சரிபார்க்க, டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூணும் டிஎன்எஸ்ல இருக்கணும். டிமார்க்கை எடுத்த எடுப்புல 'ரிஜெக்ட்'னு வைக்காதீங்க, உங்க இன்வாய்ஸ் அனுப்பற சாஃப்ட்வேரோட மெயிலே திரும்பிடும். முதல்ல 'நன்', ரெண்டு மூணு வாரம் அறிக்கையைப் பார்த்துட்டு 'குவாரன்டைன்', அப்புறம் 'ரிஜெக்ட்'. ஒன்னு ஞாபகம் வச்சுக்குங்க: இந்த மூணும் உங்க டொமைனை அப்படியே உபயோகிக்கறவனைத்தான் தடுக்கும், எழுத்து மாத்தி வாங்கின போலி டொமைனைத் தடுக்காது. அதுக்கு ஒரே வழி, புரொஃபார்மா இன்வாய்ஸ்லயே 'பேங்க் விவரம் மெயில்ல மாத்தப்படாது, மாறினா பழைய நம்பர்ல கூப்பிட்டு உறுதி செய்யவும்'னு அச்சடிக்கறது. நூல்காரர், சாயப்பட்டறைக்காரர்னு நீங்க பணம் குடுக்கற பக்கத்துக்கும் இதே விதி.

பணம் போயிட்டா யோசிக்காம அன்னைக்கே பேங்குக்கும், சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் சொல்லணும். பையர் அவர் பேங்க்ல ரீகால் கேக்கணும். அப்புறம் மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022ல போட்ட உத்தரவுப்படி, சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கச் சொல்லுது, லாகுகளை 180 நாள் வைக்கச் சொல்லுது. உங்க ரவுட்டரை மறுபடி ஸ்டார்ட் பண்ணினா லாகு அழிஞ்சு போகுதான்னு இப்பவே பார்த்து வைங்க.

பெருமாநல்லூர்_பேரேடு பதில்:

3389, டிவிஆர் வரி எல்லாம் எடுத்தாச்சு, வெளியிலிருந்து ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டேன். வயர்கார்டும் ஒரு பழைய மினி பிசியில வச்சாச்சு. மொபைல் டேட்டாவுல இருந்து கேமரா நல்லா வருது. முதலாளி வீட்டு வைஃபையில இருந்தா மட்டும் விபிஎன் இணைஞ்சுதுன்னு காட்டுது, ஆனா டேலியும் வரலை, கேமராவும் வரலைங்க. கோர்ஸ் பத்தியும் யாராவது சொல்லுங்க.

நொய்யல்கரை பதில்:

அவர் வீட்டு ரவுட்டரும் 192.168.1 தெருதான். அவர் லேப்டாப் 192.168.1.10ஐத் தேடினா, 'அது நம்ம வீட்டுத் தெருவுல இருக்கு'ன்னு நினைச்சு விபிஎன் பக்கமே போகாது. மொபைல் டேட்டாவுல அந்தத் தகராறு இல்லை, அதனால வேலை செய்யுது. வீட்டை மாத்தறதைவிட ஆபீசை மாத்தறது நல்லது. இல்லேன்னா அவர் போற ஓட்டல்லயும் இதே பிரச்சினை வரும்.

யாரும் வைக்காத எண்ணாப் பாருங்க, உதாரணத்துக்கு 10.43.7.0/24. 192.168.56 வேண்டாம், அது உங்க பழகற மெஷினோட தெரு. ஞாயித்துக்கிழமை பண்ணுங்க. முதல்ல கையால ஐபி போட்ட பொருளையெல்லாம் மாத்தணும், ரவுட்டரை அப்புறம்தான். டிவிஆர், மூணு பிரின்டர், கைரேகை மெஷின், பேக்கிங் ஆக்சஸ் பாயின்ட், வயர்கார்டு மினி பிசி. ஒவ்வொன்னுலயும் ஐபியோட கேட்வேயையும் மாத்த மறக்காதீங்க. கேட்வே பழசா இருந்தா ஆபீசுக்குள்ள வேலை செய்யும், விபிஎன்ல இருந்து மட்டும் வராது. அப்புறம் ரவுட்டரோட லேன் முகவரியும் டிஹெச்சிபி வரம்பும். வயர்கார்டுக்காகத் திறந்த 51820 வரி மினி பிசியோட பழைய எண்ணைக் காட்டிட்டிருக்கும், அதையும் திருத்துங்க. கடைசியா எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. டேலி கிளையன்ட்டில சர்வரை ஐபி எண்ணால குடுத்திருந்தா அங்கயும் மாத்தணும். கைரேகை மெஷினோட எண் சம்பள சாஃப்ட்வேர்லயும் பதிஞ்சிருக்கும். திங்கக்கிழமை காலைல ஷிஃப்ட் ஆள் வர்றதுக்கு முன்னாடி ஒரு விரல் வச்சுப் பாருங்க. முதலாளி லேப்டாப் வயர்கார்டில 'அலவ்டு ஐபிஸ்'ங்கற இடத்துலயும் 10.43.7.0/24ன்னு எழுதணும்.

கோர்ஸ்: இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். சிஸ்கோ நெட்அகாடமியில, நெட்வொர்க்கைத் திரையிலயே கட்டிப் பழகற பாக்கெட் ட்ரேசர் இலவசமாக் கிடைக்குது. இப்போ வரைஞ்ச தாளை அப்படியே அதுல கட்டி, விஎல்ஏஎன் பிரிச்சுப் பழகுங்க. ஸ்விட்ச் வாங்கறதுக்கு முன்னாடியே கை பழகிடும். லினக்ஸுக்கு ஓவர்தவயர் தளத்துல 'பாண்டிட்' விளையாட்டு. 2220ஆம் போர்ட்டில எஸ்எஸ்ஹெச் பண்ணித்தான் உள்ளயே போகணும், தினம் ரெண்டு நிலை போதும். வேலைக்குச் சான்றிதழ் வேணும்னா காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் பரீட்சை இருக்கு: 90 நிமிஷம், அதிகபட்சம் 90 கேள்வி, 900க்கு 750 எடுக்கணும். முழுசாப் படிக்கணும்னா எட்டிமடை அமிர்தாவுல சைபர் செக்யூரிட்டிக்குன்னே தனி எம்.டெக். உண்டு, ஆனா அது இன்ஜினியரிங் முடிச்சவங்களுக்கு. காந்திபுரத்துல எந்த இடத்துல கேட்டாலும் பாடத்திட்டத்தைக் கையில வாங்கிப் பாருங்க. முதல் மாசமே ஹேக்கிங் டூல் பெயராவே வரிசையா இருந்து, சப்நெட், ரவுட்டிங், டிஎன்எஸ் ஒன்னுமே இல்லேன்னா எழுந்து வந்துடுங்க.

பெருமாநல்லூர்_பேரேடு பதில்:

சரிங்ணா, இந்த ஞாயித்துக்கிழமை மாத்தறேன். மாத்தறதுக்கு முன்னாடி சனிக்கிழமை ராத்திரி டேலி காப்பி எடுத்து டிஸ்கைக் கழட்டி வச்சுடறேன்.